"இந்த நேரலை உங்கள் பகுதியில் கிடைக்காது": வெளிநாட்டுப் போட்டிகளை இணையத்தில் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும். செயலியைத் திறந்தால் கறுப்புத் திரை, நடுவில் தலைப்பில் உள்ள அந்த வரி. வெளிநாட்டுப் போட்டிகளைப் பின்தொடரும் எல்லோருக்கும் ஒருமுறையாவது இது நடந்திருக்கும். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பலரும் எடுத்த எடுப்பில், வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் விபிஎன்னைத் தேடிப் போகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. ஏன் என்று போகப் போகப் புரியும்.

காசு கட்டத் தயாராக இருக்கும்போதும் ஏன் தடுக்கிறார்கள்?

ஒளிபரப்பு உரிமையை நாடுநாடாகக் கூறு போட்டு விற்பதால்தான். 2024 இருபது ஓவர் உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆட்டங்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் வில்லோவில் வந்தன. பிரிட்டனில் ஸ்கை ஸ்போர்ட்ஸ், ஆஸ்திரேலியாவில் அமேசான் பிரைம் வீடியோ, இந்தியாவில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ். ஒவ்வொரு நிறுவனமும் தன் எல்லைக்குள் வேறு யாரும் காட்டக் கூடாது என்ற உறுதியைத்தான் விலை கொடுத்து வாங்குகிறது. அதற்கு ஈடாக, தன் எல்லைக்கு வெளியே தானும் காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போடுகிறது. நீங்கள் வெளியூரிலிருந்து சந்தா கட்ட வந்தால் அவர்களால் வாங்கிக்கொள்ள முடியாது. வாங்கினால் ஒப்பந்தம் முறியும்.

அந்த உறுதியின் விலை சாதாரணமானது அல்ல. 2021 முதல் 2032 வரையிலான ஒலிம்பிக் போட்டிகளை அமெரிக்காவில் காட்டும் உரிமைக்காக என்பிசி யுனிவர்சல் 2014இல் ஒப்புக்கொண்ட தொகை 765 கோடி டாலர். இவ்வளவு கொடுத்தவர், பக்கத்து நாட்டின் இலவச நேரலை தன் பார்வையாளர்களை இழுத்துக்கொண்டு போக விடமாட்டார்.

ஆனால் இந்தச் சுவர் இல்லாமலும் போட்டி நடத்த முடியும். அமெரிக்காவின் எம்எல்எஸ் கால்பந்து லீக் 2023இல் தன் ஆட்டங்களை உலகம் முழுவதற்குமாக ஆப்பிளிடம் கொடுத்தது. 2025 கிளப் உலகக் கோப்பையின் 63 ஆட்டங்களையும் டசோன் என்ற இணைய ஒளிபரப்புச் சேவை உலகெங்கும் இலவசமாகக் காட்டியது. பதிவு செய்துகொண்டால் போதும், எந்த நாடு என்ற கேள்வியே இல்லை. ரசிகனாக எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. மற்ற லீக்குகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆட்டம் நடக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அப்படித்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. சில சமயம் அவர்கள் பாடுதான் மோசம். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2:45 முதல் 5:15 வரை கால்பந்து ஆட்டங்களை நேரலையில் காட்டுவதில்லை. தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடினால் சின்ன கிளப்புகளின் மைதானங்கள் காலியாகிவிடும் என்று 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் வாதாடினார். மற்ற கிளப்புகளும் ஒத்துக்கொண்டன. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஎஃபாவின் விதிகளில் 48ஆவது பிரிவு இப்படி ஒரு தடைக்கு இடம் கொடுக்கிறது. விளைவு என்ன? மூன்று மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் ஆட்டத்தை உலகின் மறுகோடியில் இருப்பவர் நேரலையில் பார்க்கிறார். மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு உள்ளவர் வானொலி வர்ணனை கேட்கிறார்.

அமெரிக்க பேஸ்பாலில் இதைவிட விசித்திரம். அந்த லீக்கே நடத்தும் எம்எல்பி டிவி சந்தாவில் உங்கள் வட்டார அணியின் ஆட்டங்கள் தடுக்கப்படும், ஏனென்றால் அவை உள்ளூர் சேனலுக்கு விற்கப்பட்டவை. அயோவா மாநிலத்தில் பெரிய லீக் அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் சுற்றியுள்ள ஆறு அணிகள் அந்த மாநிலத்தைத் தங்கள் வட்டாரம் என்று உரிமை கொண்டாடியதால், அங்குள்ள ரசிகர்களுக்கு நெடுங்காலம் அந்த ஆறு அணிகளின் ஆட்டங்களும் கிடைக்கவில்லை.

நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று செயலிக்கு எப்படித் தெரிகிறது?

முதல் அடையாளம் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண். எந்தெந்த எண்கள் எந்த நாட்டு இணைய நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டவை என்று மேக்ஸ்மைண்ட் போன்ற நிறுவனங்கள் தரவுத்தளம் வைத்திருக்கின்றன. ஒளிபரப்பாளர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

கைப்பேசிச் செயலி என்றால் ஜிபிஎஸ் இருப்பிடத்தையும் கேட்கும். செயலியைத் தரவிறக்கிய கடை எந்த நாட்டுக் கணக்கு, பணம் கட்டிய அட்டை எந்த நாட்டு வங்கியுடையது, இவையும் சேரும். இவற்றில் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் சந்தேகம் வரும். ஐபி ஒரு நாட்டையும் ஜிபிஎஸ் இன்னொரு நாட்டையும் காட்டினால் பெரும்பாலும் ஜிபிஎஸ் சொல்வதைத்தான் நம்புவார்கள்.

சொந்த நாட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் வெளிநாடு என்று சொல்கிறதே?

இது அடிக்கடி நடக்கிறது, இதற்கு விபிஎன் தேவையே இல்லை. ஐபி எண்கள் தட்டுப்பாடாக இருப்பதால் இணைய நிறுவனங்கள் அவற்றை ஒன்றிடமிருந்து இன்னொன்று வாங்குகின்றன. நேற்றுவரை வேறொரு நாட்டில் இருந்த எண் இன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம், தரவுத்தளத்தில் மட்டும் பழைய நாடே நிற்கும். செயற்கைக்கோள் இணையத்தில் சிக்னல் தரையிறங்கும் இடம் பக்கத்து நாடாக இருந்தாலும் இதே கதை.

ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, எந்த நாடு வருகிறது என்று பாருங்கள். தவறாக இருந்தால் ரவுட்டரை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள், புது எண் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் இணைய நிறுவனத்திடம் புகார் சொல்லுங்கள். மேக்ஸ்மைண்ட் தளத்திலேயே திருத்தம் கோரும் படிவம் இருக்கிறது. அப்புறம், எப்போதோ நிறுவிய விபிஎன்னோ உலாவி நீட்சியோ பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மறந்துபோன ஒரு நீட்சியால் அரை நாள் வீணடித்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்படியானால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் நிற்கும் மண்ணில் அந்தப் போட்டியின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். போட்டியை நடத்தும் அமைப்பின் தளத்தில் 'எங்கே பார்க்கலாம்' என்ற பக்கம் இருக்கும், நாடு வாரியாகப் பட்டியல் போட்டிருப்பார்கள். தெரியாத பெயர் ஒன்றில், பல சமயம் இலவசமாகவே, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். பிரிட்டனில் 1996ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டப்படி ஒலிம்பிக், கால்பந்து உலகக் கோப்பை, விம்பிள்டன் இறுதி ஆட்டங்கள் போன்றவை இலவசச் சேனல்களுக்கும் கிடைத்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் சட்டம், தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களை அரசு ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது.

உங்கள் நாட்டில் உரிமையை யாருமே வாங்கவில்லையா? அது நல்ல செய்தி. வாங்க ஆளில்லாத நாடுகளில் விளையாட்டு அமைப்புகளே நேரடியாகக் காட்டுகின்றன. கிரிக்கெட்டுக்கு ஐசிசி டிவி, ஹாக்கிக்கு வாட்ச் ஹாக்கி, கைப்பந்துக்கு (வாலிபால்) விபிடிவி. இறகுப்பந்து (பேட்மிண்டன்), தடகள அமைப்புகள் தங்கள் யூடியூப் சேனல்களிலேயே நேரலை தருகின்றன. கிரிக்கெட்டை யாரும் சீண்டாத ஒரு நாட்டில் குடியிருப்பவருக்கு, கிரிக்கெட் பித்துப்பிடித்த நாட்டில் இருப்பவரைவிட எளிதாக ஆட்டம் கிடைப்பது இதனால்தான்.

சந்தா கட்டியிருக்கிறேன், ஆனால் பயணத்தில் இருக்கிறேன். என்ன வழி?

இந்தக் கேள்விக்குச் சொந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். 2019 ஜூலை 14, லார்ட்ஸில் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நான் வேலையாக வெளிநாட்டில், ஒரு விடுதி அறையில் இருந்தேன். ஆண்டுச் சந்தா கட்டிய செயலி விடுதியின் வைஃபையில் திறக்கவே மறுத்தது. மடிக்கணினியிலும் அதே வரிதான். கடைசியில் கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த சிம்மில் ரோமிங் டேட்டாவைப் போட்டேன். படம் வந்துவிட்டது! சூப்பர் ஓவரின் கடைசிப் பந்தில் நியூசிலாந்தின் குப்டில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆனதை அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தேன்.

அது எப்படி வேலை செய்தது என்பது பிறகுதான் புரிந்தது. ரோமிங்கில் இருக்கும்போது உங்கள் டேட்டா வழக்கமாகச் சொந்த நாட்டு நிறுவனத்தின் வலையமைப்புக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. எனவே ஐபி முகவரியும் சொந்த நாட்டுடையதாகவே தெரியும். செயலி ஜிபிஎஸ்ஸையும் பார்த்தால் இது பலிக்காது. ரோமிங் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள், வீடியோ டேட்டாவைக் குடித்துத் தீர்த்துவிடும். பயணிகளுக்கென்று விற்கும் இசிம்களில் (அட்டை இல்லாமல் கைப்பேசியிலேயே பதியும் சிம்) இன்னொரு சிக்கல் உண்டு. நீங்கள் இருப்பது ஒரு நாடு, சந்தா இன்னொரு நாடு, இசிம் கொடுக்கும் ஐபி மூன்றாவது நாடு என்று ஆகலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணம் என்றால் இந்தப் பாடே இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல், ஓர் உறுப்பு நாட்டில் காசு கட்டி வாங்கிய சந்தா மற்ற உறுப்பு நாடுகளில் தற்காலிகமாகத் தங்கும்போதும் வேலை செய்ய வேண்டும் என்பது சட்டம். ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் பிரிட்டன் சந்தாதாரர்களுக்கு 2021 முதல் அந்த உரிமை இல்லை.

விபிஎன் என்ன செய்கிறது? பயன்படுத்துவது குற்றமா?

உங்கள் கருவிக்கும் வேறெங்கோ உள்ள ஒரு சர்வருக்கும் இடையே மறையாக்கம் செய்த பாதை ஒன்றைப் போடுகிறது. நீங்கள் பார்க்கும் தளத்துக்கு உங்கள் முகவரிக்குப் பதில் அந்த சர்வரின் முகவரிதான் தெரியும். அவ்வளவுதான்.

பெரும்பாலான நாடுகளில் விபிஎன் பயன்படுத்துவது சட்டத்துக்கு உட்பட்டதே. அலுவலகங்கள் அன்றாடம் பயன்படுத்துகின்றன. விதிவிலக்குகள் முக்கியமானவை. சீனாவில் அரசு அனுமதி பெற்ற விபிஎன்களுக்கு மட்டுமே இடம். ஐக்கிய அரபு அமீரகத்தில் விபிஎன்னைக் கொண்டு குற்றம் செய்தால் கடும் அபராதம். ரஷ்யாவில் 2024 மார்ச் முதல் தடையைத் தாண்ட விபிஎன்னைப் பரிந்துரைப்பதே தடைசெய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டின் நிலையைப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

சட்டம் ஒருபுறம், ஒப்பந்தம் ஒருபுறம். கிட்டத்தட்ட எல்லா ஒளிபரப்புச் சேவைகளின் விதிமுறைகளிலும் இருப்பிடத்தை மறைக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். மீறினால் கணக்கை முடக்கலாம், கட்டிய பணம் திரும்பி வராது. என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன்: சொந்த நாட்டில் காசு கட்டி வாங்கியதைப் பயணத்தில் பார்க்க விபிஎன் போடுபவரை நான் குறை சொல்லமாட்டேன். பொய் முகவரி கொடுத்து இன்னொரு நாட்டில் சந்தா எடுப்பதை யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

விபிஎன் போட்டும் ஓடவில்லையே?

வணிக விபிஎன்களின் சர்வர்கள் தரவு மையங்களில் இருக்கின்றன. ஒரே முகவரியிலிருந்து ஆயிரம் பேர் ஒரே ஆட்டத்தைத் திறந்தால் ஒளிபரப்பாளருக்குத் தெரியாமல் போகாது, அந்த முகவரியைத் தடுத்துவிடுவார்கள். பெரிய ஆட்ட நாட்களில் இது இன்னும் தீவிரமாகும். வேறு சர்வருக்கு மாறிப் பாருங்கள், உலாவியின் குக்கீகளை அழியுங்கள், இருப்பிட அனுமதியைச் சரிபாருங்கள். ஐபிவி6 (புதுவகை ஐபி எண்) அல்லது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவை) வழியாக உண்மையான நாடு கசிவதும் ஒரு காரணம்.

இந்திய சர்வரைத் தேர்ந்தெடுத்தும் படம் திக்குகிறது என்று பலர் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு சேமித்து வைக்க வேண்டும் என்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022இல் உத்தரவிட்டதும், எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்ட் விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை தங்கள் சர்வர்களை நாட்டை விட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டன. இப்போது இந்திய முகவரி தரும் சர்வர் உண்மையில் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கக்கூடும்.

வீட்டு இணையத்தையே வெளியூரிலிருந்து பயன்படுத்த முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். இப்போது வரும் பல ரவுட்டர்களில் வயர்கார்டு என்ற விபிஎன் வசதி உள்ளேயே இருக்கிறது. கிளம்பும் முன் அதை இயக்கி, கைப்பேசியில் ஒருமுறை இணைத்துச் சோதித்துவிட்டால், எங்கிருந்தாலும் உங்கள் வீட்டு ஐபி முகவரி வழியாகவே இணையத்துக்குப் போகலாம். அது சாதாரண வீட்டு முகவரி என்பதால் தரவு மையப் பட்டியல்களில் சிக்காது. வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகம்தான் இங்கே எல்லை, நல்ல தரத்துக்கு நொடிக்கு 10 மெகாபிட்டாவது இருக்கட்டும். சேவையின் விதிமுறைகள் இதற்கும் பொருந்தும்.

ஸ்மார்ட் டிஎன்எஸ்?

இருப்பிடத்தைச் சோதிக்கும் கோரிக்கைகளை மட்டும் வேறு நாட்டு வழியாகத் திருப்பிவிடும், வீடியோ நேராக உங்களுக்கு வரும். விபிஎன் செயலி நிறுவ முடியாத தொலைக்காட்சிகளில் உதவும். மறையாக்கம் கிடையாது.

இலவச விபிஎன் போதாதா?

வேண்டாம். சர்வருக்கும் அலைவரிசைக்கும் யாரோ ஒருவர் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். 2015இல் ஹோலா என்ற இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைப்பையே மற்றவர்கள் இணையத்துக்குள் போகும் வழியாக விற்றுவந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்ற வலையமைப்பை முடக்கியது. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் போன்ற இலவச விபிஎன்களை நிறுவியவர்களின் கணினிகள்தான் அந்த வலையமைப்பு. ஏறத்தாழ 200 நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகள். அவற்றைக் குற்றவாளிகள் வாடகைக்கு எடுத்து மோசடி செய்தார்கள். ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டவரின் முகவரியிலிருந்து வேறொருவரின் திருட்டு நடந்திருக்கிறது. காசு கட்டும் சேவைகள் கொடுக்கும் சிறிய இலவசத் திட்டங்கள் வேறு ரகம். அவற்றில் நாடும் வேகமும் குறைவு, ஆட்டம் பார்க்கப் போதாது.

குழுக்களில் 'இலவச லிங்க்' வருகிறதே?

தொடாதீர்கள் என்பதுதான் என் பதில். படத்தின் மேல் மூன்று போலி மூடும் பொத்தான்கள், எதைத் தொட்டாலும் புது ஜன்னல், "பிளேயரைப் புதுப்பிக்கவும்" என்று ஒரு கோப்பு. அந்தக் கோப்புதான் வலை. அட்டை எண் கேட்டால் சொல்லவே வேண்டாம். ஆட்டம் பாதியில் அறுந்துபோவதும் வாடிக்கை. 2024 நவம்பரில் இத்தாலியக் காவல்துறை தலைமையில் நடந்த ஒரு சோதனையில் 2.2 கோடிப் பயனர்கள் கொண்ட திருட்டு ஒளிபரப்பு வலை ஒன்று முடக்கப்பட்டது.

இந்தத் திருட்டு, சம்பந்தமே இல்லாதவர்களையும் பாதிக்கிறது. ஸ்பெயினில் 2025இல் லா லிகா கால்பந்து லீக்கின் ஆட்டம் நடக்கும் வேளைகளில் திருட்டுத் தளங்களைத் தடுக்கப்போய், பல தளங்களைத் தாங்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் அதே முகவரிகளைப் பகிர்ந்துகொண்ட சாதாரணத் தளங்களும் முடங்கின. அந்த முறையும் எனக்கு ஏற்புடையது அல்ல. நியாயமான வழியில் ஆட்டம் கிடைத்தால் இவ்வளவு பேர் அந்தத் தளங்களுக்குப் போயிருக்கமாட்டார்கள்.

வெளிநாட்டு டிகோடர் அட்டை சரி என்று ஒரு தீர்ப்பு வந்ததாமே?

வந்தது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் மதுக்கூடம் நடத்திய ஒரு பெண், கட்டணச் சேனல்களைத் திறக்கும் கிரேக்க நாட்டு டிகோடர் அட்டையை வைத்துப் பிரீமியர் லீக் ஆட்டங்களைக் காட்டினார். அபராதம் விதித்தார்கள், அவர் விடாமல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். வேறொரு உறுப்பு நாட்டின் அட்டையை வாங்குவதைத் தடுக்க முடியாது என்று 2011 அக்டோபர் 4 அன்று தீர்ப்பு வந்தது. ஆனால் லீக்கின் பதிப்புரிமை கொண்ட சின்னம், இசை போன்றவற்றைப் பொது இடத்தில் காட்ட அனுமதி தேவை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தைச் சார்ந்த தீர்ப்பு, உலகம் முழுவதற்கும் பொருந்தாது.

பக்கத்து வீட்டில் கத்திய பிறகுதான் எனக்கு கோல் விழுகிறது. விபிஎன் காரணமா?

அநேகமாக இல்லை. நேரலை வீடியோ சிறு துண்டுகளாக வருகிறது. பரவலாகப் பயன்படும் எச்எல்எஸ் முறையில் ஆப்பிள் பரிந்துரைக்கும் துண்டின் நீளம் 6 நொடி. மூன்று துண்டு சேர்ந்த பிறகே பிளேயர் ஓடத் தொடங்கும். அதிலேயே 18 நொடி போய்விட்டது, அதன் மேல் படத்தைச் சுருக்கும் நேரமும் சர்வர்களைக் கடக்கும் நேரமும். விபிஎன் கூட்டுவது இதில் ஒரு நொடிக்கும் குறைவு. கைப்பேசியில் ஸ்கோர் அறிவிப்புகளை அணைத்துவையுங்கள், அதுதான் உண்மையான மருந்து.

டேட்டா கணக்கும் இதோடு: நொடிக்கு 5 மெகாபிட் என்றால் மணிக்கு 2.25 ஜிபி. இரண்டு மணி நேரக் கால்பந்துக்கு 4.5 ஜிபி, எட்டு மணி நேர ஒருநாள் ஆட்டத்துக்கு 18 ஜிபி.

ஆட்ட நேரத்தைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கோடைக்கால நேரமாற்றம்தான் பெரும்பாலும் காரணம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னே தள்ளுகின்றன. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். ஆஸ்திரேலியாவில் சிட்னி கோடையில் கடிகாரத்தை மாற்றும், பிரிஸ்பேன் மாற்றாது. சிட்னி டெஸ்டுக்கு எழுந்த நேரத்தை வைத்து பிரிஸ்பேன் டெஸ்டுக்குக் கணக்குப் போட்டால் தவறிவிடும். யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் குறித்துவைத்து, அதை உங்கள் கைப்பேசி நாட்காட்டி மாற்றிக்கொள்ளட்டும்.

எந்த வழியும் கிடைக்கவில்லை என்றால்?

குரல் வர்ணனையைத் தேடுங்கள். அதற்கும் தனி உரிமை உண்டு, பிபிசி ரேடியோ 5 லைவின் கால்பந்து வர்ணனைகூடப் பிரிட்டனுக்கு வெளியே இணையத்தில் தடுக்கப்படுகிறது. ஆனால் கிளப்புகளே தங்கள் தளத்தில் வர்ணனை தருவதுண்டு. அதுவும் இல்லை என்றால் முழு ஆட்டப் பதிவுக்குக் காத்திருங்கள். நேரலை உரிமை ஒருவரிடமும் பதிவின் உரிமை இன்னொருவரிடமும் இருக்கலாம், அதனால் நேரலை கிடைக்காத நாட்டில் சில மணி நேரம் கழித்து முழு ஆட்டமும் வருவது உண்டு. அதுவரை அறிவிப்புகளை அணைத்து, குழுக்களை மௌனமாக்கி வையுங்கள். யூடியூப்பின் முகப்புக்கும் போகாதீர்கள், முடிவு படத்திலேயே எழுதியிருக்கும். போட்டி அமைப்பின் சேனல் பக்கத்தைச் சேமித்துவைத்துக்கொண்டு நேராக அதைத் திறந்து, மற்ற படங்கள் கண்ணில் படும் முன் முழுத்திரைக்கு மாறிவிடுங்கள்.